தொங்கவிட்டுப் பார்க்காத சக்கரம்

பின் அச்சு மாற்றிய வண்டி எதுவாயினும், அதை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிட்டு, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அந்த மெக்கானிக் சாவியைக் கொடுப்பார். பார்த்து முடித்ததும் டார்ச்சை மனைவியிடம் நீட்டுவார். அவள் எண்ணெய்க் கறையைத் துடைத்து ஆணியில் மாட்டுவாள். பதினோரு வருடமாக அந்தப் பட்டறையில் இந்த வழக்கம் பிசகியதில்லை.

அன்று பிசகியது. வண்டி, மனைவியின் அண்ணனுடைய பழைய சின்னக் கார். வளைந்துபோன பின் அச்சுக்கு மாற்று கிடைக்காமல், வேறொரு பெரிய காரின் அச்சை வாங்கி, ஸ்பிரிங் உட்காரும் பட்டைகளை வெட்டி இடம் மாற்றி, வெல்டிங் வைத்துப் பொருத்தியிருந்தார். மூன்று நாள் வேலை. அண்ணன் குடும்பத்தோடு வந்து வாசலில் நின்றார்.

"குருவிக்கு நாரைக் கால ஒட்டியிருக்கீங்க. நடக்குமா மாப்ள?"

"ஓடவே ஓடும் மச்சான்."

"ஓடுறது இருக்கட்டும். இன்னைக்கு வாசலைத் தாண்டுமா? மலையிறங்கி ஊர் போய்ச் சேரணும்."

மெக்கானிக் ஜாக்கியை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். மெக்கானிக் ஜாக்கியை இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"தொங்கவிட்டுப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தாச்சு."

அவள் ஜன்னலருகே குனிந்து அண்ணனிடம் ஏதோ பேசினாள். கார் போய்விட்டது.

கழற்றிய அச்சை ஓரங்கட்டக் குனிந்தபோதுதான் மெக்கானிக்கின் கை நின்றது. பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய் மாட்டும் இடம் பழைய அச்சில் மேலே இருந்தது. புதியதிலோ நான்கு விரல் கீழே. அவர் மாட்டியதோ பழைய குழாய். ஒரு நூலை எடுத்து அளந்தார். வண்டி நிற்கும்போது எட்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எட்டாது; குழாய் இழுபடும், பிறகு அறும். அந்தப் பழைய காரில் ஒரு குழாய் போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போயிற்று.

நாரைக் காலைக் கடன் வாங்கிய குருவியும் தரையில் அழகாகத்தான் நடந்திருக்கும். மேலே எழும்பி, கால்கள் தொங்கும்போதல்லவா அதற்கு விபரீதம் தெரியும்!

போன் அடித்தார். எடுக்கவில்லை. மீண்டும் அடித்தார்.

"உங்க அண்ணன் போன் எடுக்க மாட்டேங்கிறாரு."

"வண்டி ஓட்டறப்ப எடுக்க மாட்டான். என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். இருவரும் பழுதான கார்களை ஏற்றிவரும் லாரியில் ஏறினார்கள்.

முதல் வேகத்தடையைத் தாண்டியதும் சாலையில் ஈரமாக ஒரு சொட்டு. அடுத்த வேகத்தடைக்கு அப்பால் மூன்று. மேட்டில் ஏற ஏறச் சொட்டுகள் நெருங்கின. அந்த மேட்டுக்கு அப்பால் எட்டு வளைவுகள், எல்லாம் இறக்கம்.

"பாக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடியே. "டார்ச் ஆணியிலயே தொங்கிச்சு. உங்கள அவன் முன்னாடி விட்டுக்கொடுக்க மனசு வரல. மேட்டு உச்சியில நிறுத்தி அடியில ஈரம் இருக்கான்னு பாருன்னு மட்டும் சொன்னேன்."

"நிறுத்துவாரா?"

"அவன் என்னைக்கு என் பேச்சக் கேட்டான்?"

கடைசித் திருப்பத்தில் லாரி மூச்சு வாங்கியது.

உச்சியில் கார் நின்றிருந்தது. சக்கரத்துக்குக் கீழே கல் வைத்திருந்தது. அண்ணன் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். அவர் மனைவி குழந்தையோடு மரத்தடியில்.

"மாப்ள, உங்க நாரைக்கு வேர்த்துக் கொட்டுது" என்றார் அண்ணன். சிரிக்க முயன்ற குரல் உடைந்தது. "கடைசி மேட்டுல பிரேக்க மிதிச்சா, பெடல் பாதிக்கு மேல போயிருச்சு."

மெக்கானிக் அவர் எதிரில் நின்றார். "நான் பாக்கல மச்சான். பாத்தேன்னு பொய் சொன்னேன். நீங்க கேலி பண்ணதுல ரோஷம். தப்பு என்னோடது."

அண்ணன் குழந்தையைப் பார்த்தார்.

காரை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் நீளமான புதுக் குழாய் வாங்கி வந்து மாட்டி, பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றி, காரைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டார். பிறகு ஆணியிலிருந்த டார்ச்சை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். தரையில் சாக்கை விரித்தார்.

"நீ பாத்துச் சொல்லு. நீ சரின்னா சாவி. இனிமே எந்த வண்டிக்கும் அப்படித்தான்."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நூலோடு காரின் அடியில் நுழைந்தாள்.