பட்டியலில் முப்பத்தோராவது பெயர்

முப்பத்தோராவது பெயரைக் கண்டதும் தாஹிர் ஹாஜியாருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது.

உம்மு குல்சூம். கணவனை இழந்தவர். நுரைச்சோலை. குசினிக்குக் கூரை இல்லை.

அவருடைய கூடப்பிறந்த தங்கை.

“சம்மாட்டியார், இது என்ன கூத்து?” வெள்ள நிவாரணப் பட்டியலை மேசையில் அறைந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மீனவர் சபைப் பஸ்தியான் சம்மாட்டி அசையவில்லை. சொந்தப் படகும் வலையுமாக நாற்பது வருடம் கடலில் அடி வாங்கிய மனிதர்.

“கூத்து இல்ல ஹாஜியார். என்ட மனிசி றோசா உள்ள போய்ப் பாத்தவ. பாத்தத எழுதினவ.”

“வெட்டுங்க அந்தப் பேர.”

“நான் வெட்டலாம். ஆனா நீங்க சொல்லி வெட்டேலாது. சட்டம் போட்டது ஆரு?”

சட்டம் போட்டது தாஹிர் ஹாஜியார்தான். வெள்ளம் வடிந்த பிறகு பாலாவிச் சந்தியில் தெருவோரத்து வீடுகளுக்கு மும்மூன்று மெத்தை கிடைத்தது. உள்ளே ஒழுங்கைச் சந்துகளில் இருந்தவர்களுக்கு ஒரு பாய்கூடப் போகவில்லை. கொடுத்தவர்கள் எல்லாரும் லொறி நிற்கிற இடத்திலேயே கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வெட்கத்தில்தான் மூன்று தரப்பு ஒன்றாகியது: ஹாஜியாரின் குடும்ப நிதியம், கற்பிட்டி மாதா கோயிலின் மீனவர் சபை, உப்பளக்காரரின் நலன்புரி நிதி. முதல் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஹாஜியார் சொன்னார்: எங்கள் ஆட்களின் வீட்டை நீங்கள் பாருங்கள், உங்கள் ஆட்களின் வீட்டை நாங்கள் பார்க்கிறோம். தன் பக்கத்துப் பெயரை ஒருவரும் சேர்க்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. கடைசியில் அவரவர் பக்கத்துப் பெயரை அவரவரே, இன்னாருடைய பிள்ளை என்று எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

பஸ்தியானின் மனைவி றோசா சட்டத்தில் இன்னும் ஒன்றைச் சேர்த்தாள். முன்னறையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வரக் கூடாது. அடுப்பெரிகிற குசினிவரை போய்ப் பார்க்க வேண்டும். அன்று அதற்கும் தலையாட்டியவர் அவர்தான்.

இப்போது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தன் மரைக்கார் குடும்பத்துப் பெண்ணின் பெயரை, வாப்பாவின் பெயரோடு சேர்த்து, அவரே தன் வாயால் வாசிக்க வேண்டும். ஐம்பது வருடமாக அறுநூறு வீட்டுக்கு நோன்பு அரிசி கொடுத்த குடும்பம், கை நீட்டுகிற பட்டியலில்!

வேனை எடுத்துக்கொண்டு நேரே நுரைச்சோலைக்குப் போனார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்ட பேர விக்கிறதுக்கு உனக்கு வேற சந்தை கெடைக்கல்லயா?”

உம்மு குல்சூம் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள். “வாங்க நானா. இரிங்க.” அண்ணனுக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“இரிக்க வரல்ல. ஒரு வார்த்த எனக்கிட்டச் சொன்னியா நீ?”

“உங்கட கணக்கப்பிள்ளகிட்டச் சொன்னேன். போன நோன்புக்கு. ‘ஹாஜியார்ட தங்கச்சிக்கு அரிசியா? பகிடி விடுறீங்களா ராத்தா’ண்டு பல்லக் காட்டினான். சுனாமி வந்தாலும் சொந்தத்துக்கு ஒரு மணி அரிசி குடுக்கப்படாதுண்டு உங்கட கட்டளையாம்.”

“அது வாப்பாட சொல்! நம்மட கை நம்மட வீட்டுக்கு நீளப்படாது.”

“வாப்பா களவாக் குடுக்கப்படாதுண்டுதான் சொன்னாரு. சாகவிடச் சொல்லல்ல.” அவளுக்கும் குரல் ஏறியது. அவளும் அதே வாப்பாவின் மகள்தானே. “சொந்தத்துக்குக் குடுத்தா ரெண்டு நன்மைண்டு எனக்கு ஓதித் தந்ததும் அவருதான். அத மட்டும் மறந்திட்டீங்க. ஊருக்கெல்லாம் நீங்க ஹாஜியார், எனக்கு மட்டும் சட்டம் பேசுற வாத்தியார்.”

“பெருநாளைக்குப் பெருநாள் வாறேனே! இந்தக் கதிரையிலதானே இரிக்கிறேன்! ஒரு குறை தெரிஞ்சிச்சா?”

“தெரியாமத்தானே வெச்சேன்.”

ஹாஜியார் முன்னறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எழுந்த கோபத்தோடு, ஒருநாளும் தாண்டாத திரைச்சீலையை இழுத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

குசினியில் வானம் தெரிந்தது. உப்புக்காற்று தின்ற தகரத்தின் மிச்சத்தை வெள்ளத்துக் காற்று கொண்டுபோயிருந்தது. அடுப்புக்கு மேல் உர பேக்கைப் பிரித்துக் கட்டியிருந்தாள். மூலையில் ஓர் அலுமாரி, அதற்கும் பொலித்தீன் சுற்றல். உள்ளே தங்கக்கரை போட்ட கோப்பையும் அதன் பீரிசுத் தட்டும், ஒரே ஒரு சோடி. பெருநாளைக்குப் பெருநாள் அவர் குடித்த கோப்பை.

வீட்டில் நனையாமல் இருந்தது அது மட்டும்தான்.

“நாளைக்கே லொறியில தகரம் வரும்,” என்றார். குரல் இன்னும் இறங்கவில்லை. “பேர வெட்டச் சொல்லி றோசாவுக்கு நீ சொல்லு.”

“மாட்டேன்.”

“குல்சூம்!”

“ஒருத்தருக்கும் தெரியாமக் கொண்டந்து எறக்குவீங்க. பொறகு உங்களுக்கு முன்னால நான் வாய் தொறக்கேலாது. பக்கத்து வீட்டு ஸுல்பிகாவுக்கு என்ன நியாயமோ அதேதான் எனக்கும். றோசா ஒருத்திதான் என்ட குசினியப் பாத்தா, நானா. சிலுவை போட்ட வேதக்கார மனிசி. சொந்தம் ஒண்டும் பாக்கல்ல.”

அவர் வேனுக்கு இறங்கி வந்தார். வழியெல்லாம் கணக்கப்பிள்ளையைத் திட்டினார், சம்மாட்டியைத் திட்டினார், றோசாவைத் திட்டினார். பாலாவி வந்தபோது திட்டுவதற்கு ஒருவரும் மிச்சமிருக்கவில்லை; கோபம் மட்டும் இன்னும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒன்பது பேர் கூடினார்கள். ஹாஜியார் எழுந்து நின்று வாசித்தார். முப்பதோடு நின்றார்.

உப்பளக்காரர் முபாறக் இங்கிதம் தெரிந்தவர். தாடியைத் தடவிக்கொண்டு, “அந்த ஒண்ட விடுங்க ஹாஜியார். எழுத்தில வேணாம். நாங்க மூணு பேருமாச் சேந்து சத்தமில்லாம முடிப்போம்,” என்றார்.

அவ்வளவுதான். நான்கு நாளாக இடம் தேடிய கோபம் வெடித்தது.

“சத்தமில்லாம என்னத்துக்கு? அவ களவெடுத்தாளா? ஊருக்கு ஒரு சட்டம், மரைக்கார் வீட்டுக்கு ஒரு சட்டமா? அப்ப என்னத்துக்கு இந்த மேசையில ஒண்டா இரிக்கிறோம்? பழையபடி லொறியில வீசிட்டுப் போவோமே!”

முபாறக்கின் கை தாடியிலிருந்து இறங்கியது. ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

“முப்பத்தொண்டு. உம்மு குல்சூம். மீராசாஹிப் மரைக்காரின் மகள். தாஹிரின் தங்கை. குசினிக்குக் கூரை இல்லை. கண்ணால் பார்த்தவன் நான். பார்க்காமல் இருந்தவனும் நான்.” தாளிலிருந்து கண்ணை எடுத்தார். “ஆட்சேபணை இரிக்கிற ஆள் இப்பச் சொல்லுங்க.”

ஒருவரும் சொல்லவில்லை. பஸ்தியான் மட்டும் மெல்ல, “நல்லது, ஹாஜியார்,” என்றார்.

“நல்லது கெட்டத உங்கட மனிசிக்கிட்டச் சொல்லுங்க, சம்மாட்டியார். இப்பக் காதக் குடுங்க.”

அவர் தாளை மறுபடி உயர்த்திப் பிடித்தார். முதுகு வளையவில்லை.

“முப்பத்திரண்டு. ஸுல்பிகா.”