பதினேழாம் நம்பர் எலி

கைருதீனுக்கு டாக்டர் பட்டம் வேண்டும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, எலிக்குத் தீனி போட்டு எடை பார்க்கிற டாக்டர். இந்த வித்தியாசத்தைத் திருப்பூர் ராயபுரத்தில் ஒருத்தருக்காவது விளங்க வைக்க நாலு வருஷமாகத் தொண்டை வற்றப் பேசினான். பெற்ற அத்தா முஸ்தபாவே, "எலிக்கு வைத்தியம் பாக்கப் படிக்கிறானுங்க" என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவந்தார்.

அறுபத்தெட்டில் மாணவர் போராட்டம் என்று சென்னையில் விடுதியை மூடிவிட்டார்கள். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டால் நாலு வருஷமும் மண்தான். என்ன செய்வான், பாவம்? இரண்டு டஜன் வெள்ளெலிகளைக் கூண்டோடு ரயிலேற்றித் திருப்பூருக்குக் கொண்டுவந்தான். அத்தா தன் பனியன் கம்பெனியில் நல்ல வெளிச்சம் வருகிற செக்கிங் ரூமில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்த ரூமுக்கு ராணி பழனியம்மாள். தைத்து வருகிற பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையும் கறையும் சரக்கு வாங்குகிற பார்ட்டி கைக்குப் போகாமல் தடுப்பது அவள் வேலை. பதினைந்து வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய கறை கிடையாது. அவள் கண்ணெதிரே கைருதீன் என்ன செய்தான் தெரியுமா? தலையில் மஞ்சள், முதுகில் ஊதா, வாலில் இரண்டும் என்று ஒவ்வொரு எலிக்கும் சாயப்பொட்டு வைத்தான். பொட்டு இருக்கிற இடம்தான் எலியின் நம்பர். வாரத்தில் மங்கிவிடும், அழித்துவிட்டு மறுபடி வைப்பான். வெள்ளைச் சரக்கை இப்படிப் பாழாக்குகிறானே என்று பழனியம்மாளுக்கு வயிறு எரிந்தது.

நாலாவது வாரம் அதிசயம் நடந்தது. அவன் சோதித்துப் பார்க்கிற புதுத் தீனி தின்ற பதினேழாம் எலி ஒரே நாளில் நாற்பது கிராம் ஏறியது. அதே நாளில் சாதாரணத் தீனி தின்ற ஒன்பதாம் எலி நாற்பது கிராம் இறங்கியது. ஒன்பதுக்கு ஜுரம் என்று நோட்டில் எழுதிவிட்டு, பேராசிரியர் லிங்கசாமிக்குத் தந்தி அடித்தான். ஆசை வந்துவிட்டால் படித்தவனுக்கும் கண் அவிந்துவிடுகிறது. நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. பதினேழாம் எலி அவருக்குத் திருப்தியானால் இந்த வருஷமே பட்டம்.

பேராசிரியர் வந்து ஆபீஸ் ரூமில் அத்தாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது கைருதீன் செக்கிங் ரூமுக்கு ஓடினான். கூண்டுகள் காலி. மேசைமேல் இரண்டு அட்டைப்பெட்டி, பெட்டிக்கு ஒரு டஜன். பொட்டு, புள்ளி ஒன்றும் இல்லாமல் எலிகள் பளிச்சென்று உட்கார்ந்திருந்தன.

"என்னக்கா பண்ணுனீங்க?" என்றான்.

"பார்ட்டி சரக்குப் பாக்க வர்றாருன்னு முதலாளி சொன்னாருங்க தம்பி. கறையோட எப்படிக் காட்டறது? சோப்பும் எலுமிச்சம்பழமும் போட்டு எடுத்துட்டேன். சைஸ்வாரியா பிரிச்சும் வெச்சிருக்கேன்."

கைருதீன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எது எந்தத் தீனி தின்றது என்று இனி ஆண்டவனுக்குத்தான் தெரியும். அழுதேவிட்டான்.

"இதுக்கு ஏனுங்க அழுவறீங்க? எந்தக் கறை எதுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்று பழனியம்மாள் எலிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நம்பர்படி வைத்தாள். இவன் நம்பிக்கையில்லாமல் தராசில் போட்டான். நேற்றைய எடைக்கு ஒரு கிராம், ரெண்டு கிராம்தான் வித்தியாசம். இருபத்திரண்டு எலிகள் அப்படியே பொருந்தின. ஒன்பதும் பதினேழும் மட்டும் இடம் மாறியிருந்தன.

"இது ரெண்டையும் மாத்தி வெச்சுட்டீங்கக்கா."

"நானுங்களா? போன வாரம் பொட்டு வெக்கறப்ப நீங்கதானுங்க மாத்துனீங்க. இந்தா, இதோட எடது காதுல நூல் பிரிஞ்சாப்பல ஒரு வெட்டு. வந்த நாள்ல இருந்து இதுதானுங்க ஒம்பது. தப்பாச்சேன்னு அப்பவே நெனச்சேன். படிச்சவங்ககிட்ட நாம என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

கைருதீன் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தான். ஜுரமும் இல்லை, அதிசயமும் இல்லை. கொழுத்த எலிக்கு இளைத்த எலியின் பொட்டை வைத்த மடையன் அவனேதான்.

கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் வந்தார். "எங்கப்பா அந்தப் பதினேழு?"

காட்டிவிட்டால் பட்டம். பழனியம்மாள் வாய் திறக்க மாட்டாள், அவள்தான் முதலாளி மகன் சொல்கிறபடி ஆகட்டும் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாளே. கொழுத்த எலியைக் கையில் எடுத்தவன், "இது பதினேழு இல்லீங்க சார்" என்றான். மடமடவென்று முழுசையும் சொல்லிவிட்டான்.

பேராசிரியர் நோட்டை வாங்கி, 'ஜுரம்' என்ற இடத்தை வெகுநேரம் பார்த்தார். "இன்னும் ஒரு வருஷம்" என்றார். கைருதீன் தலையை ஆட்டினான்.

பிறகு அவர் பழனியம்மாள் பக்கம் திரும்பினார். "அபாரமான கண்ணும்மா உங்களுக்கு. மெட்ராஸ்ல எங்கிட்ட இன்னும் ஆறு பேர் ஆராய்ச்சி பண்றாங்க. அவங்க எலிகளையும் ஒருதரம் வந்து பாத்துச் சொல்றீங்களா?"

"பாக்கலாமுங்க சார். அந்தத் தம்பிகளுக்கெல்லாம் எத்தன வருஷம் போகுமோ, பாவம்" என்றாள் அவள்.

பேராசிரியர் யோசித்தார். சாயங்காலம் ரயிலேறுகிற வரைக்கும் அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.