கூரை திறந்திருந்த மதியம்

எங்கள் வீடு முன்பு ஆட்டுக் கொட்டகை. வேல்ஸ் மலைச்சரிவில் அதை வாங்கி வீடாக்கியபோது ஜன்னல் வைத்தோம், தரை போட்டோம்; ஸ்லேட் ஓட்டுக் கூரையை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். முதல் குளிர்காலத்தில் அடுப்பு நாள் முழுக்க எரிந்தும் சூடெல்லாம் முகட்டு வழியே வெளியேறியது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் தூங்கினோம்.

அடுத்த குளிருக்குள் குழந்தை வந்துவிடும் என்று தெரிந்ததும் என் கணவன் டூடுர் ஓட்டுக்காரர்களைக் கூப்பிட்டான். உள்ளிருந்து பலகை அடித்தால் உத்திரங்கள் மறைந்துவிடும். எனக்கு அதில் மனமில்லை. ஆகவே வெளியிலிருந்தே வேலை. ஓட்டைப் பிரித்து, கைமரங்களின் மேல் பலகை அடித்து, அதன்மேல் சூட்டை வெளியே விடாத தடித்த ஆட்டுக் கம்பளிப் பாளங்களைப் பரப்பி, காற்றுப் போக இடைவெளி விட்டு, மறுபடி ஓடு.

செப்டம்பரில் கூரையின் ஒரு பக்கத்துச் சரிவைத் திறந்தார்கள். மதியம் ஓட்டுக்காரர்கள் இருவரும் சாப்பிட ஊருக்குள் போயிருந்தார்கள். எனக்கு எட்டாம் மாதம். கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தேன். கைமரங்களுக்கு நடுவே மேகங்கள் நிற்பது போலவும் கட்டில்தான் மெல்ல நகர்வது போலவும் இருந்தது. இரண்டு தகைவிலான் குருவிகள் உள்ளே இறங்கி, அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே போயின. வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. நான் விழித்திருந்தேனா என்று இப்போதும் நிச்சயமில்லை.

நெற்றியில் ஒரு துளி விழுந்தது.

“டூடுர்! மழை!”

அவன் சாரத்தில் ஏறிப் பச்சைத் தார்ப்பாயை இழுத்தான். காற்று அதைக் கப்பல் பாய்போல் உப்ப வைத்தது. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்தது. நான் எழுவதற்குள் வெளியே ஒரு குரல் கேட்டது.

“விட்றாத மடையா! அந்தக் கயித்த இங்க வீசு!”

மெரெரிட். பக்கத்துப் பண்ணைக்காரி. அவளைக் கேட்காமல் அவள் அண்ணன் இந்தக் கொட்டகையை எங்களுக்கு விற்றிருந்தான். அதிலிருந்து எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுடைய நாய் மட்டும் எங்களோடு உறவாடும்.

இருவரும் தார்ப்பாயைக் கட்டி முடித்தபோது கூரை முழுக்க மழை முழங்கியது. உள்ளே வந்தவளின் தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. பச்சை வெளிச்சத்தில் அறை குளத்தடிபோல் இருந்தது.

“டீ போடட்டுமா?” என்றேன்.

“வேணாம், கெளம்பறேன்” என்றவள் கிளம்பவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த கம்பளிப் பாளத்தைத் தொட்டுப் பார்த்தாள். “இதையா மேல போடப் போறீங்க?”

“ஆமா.”

“ஆடுங்கள வெளிய தள்ளிட்டு அதுங்க ரோமத்த மட்டும் உள்ள விட்டிருக்கீங்க.”

டூடுருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான், ஆனால் அதை மறைக்க உத்திரத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே பாளங்களின் மேல் உட்கார்ந்தாள். “பனி பெய்யறப்ப குட்டி போட்ட ஆடுங்களோட இங்கயே கிடப்பேன்” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

நான் அடுப்பங்கரையில் டீ போட்டுத் திரும்புவதற்குள் அவள் தூங்கியிருந்தாள். நாயும் அவள் காலடியில் சுருண்டிருந்தது. மழைச் சத்தத்தில் அவள் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்த ஓட்டுக்காரர்கள், மழை விட்டதும் மற்றப் பாளங்களை ஓசையில்லாமல் எடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள். அவள் படுத்திருந்த பாளங்கள்தான் கடைசியாக மேலே போயின.

ஜனவரியில், முழங்கால் அளவு பனி கிடந்த ஒரு காலையில், மெரெரிட் குழந்தையைப் பார்க்க வந்தாள். அடுப்பில் சிறு தணல்தான் இருந்தது; அறைக்கு அதுவே போதுமாயிருந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

“நாப்பது வருஷத்துல இங்க இத நான் கழட்டினதே இல்ல” என்றாள். “கொடு அவள.”

குழந்தையைக் கொடுத்தேன்.