துரையின் ஆயில் தாகம்

என் வண்டி ஆயில் குடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். அந்தப் பெருமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புத்தம்புது லாரி. சீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நான் கிழிக்க விடவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு தடவை ஆசையாக ஏறப் போனார். "சிமெண்ட் வேட்டியோட ஏறாதீங்க, குளிச்சிட்டு வாங்க" என்று இறக்கிவிட்டேன். குளித்துவிட்டு வந்தால் வேறு வேலை வந்துவிடும். பாவம், ஏறவே இல்லை. அவர் கட்டட வேலை பார்க்கிறவர். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அதனால் அடிக்கடி கூப்பிடுவேன்.

வண்டிக்குத் துரை என்று பேர் வைத்தது அவர்தான். நான் காலையில் எழுந்து காபிகூடக் குடிக்காமல் வண்டியைத் துடைக்கப் போவதைப் பார்த்து, "துரை எழுந்துட்டாரா? துரைக்கு வெந்நி வேணுமா?" என்று கேலி செய்வார். கேலி செய்தாலும் வண்டி வருகிற சேதி கேட்டதும் முதல் காரியமாக வாசலில் சிமெண்ட் தரை போட்டதும் அவரேதான். அதற்கு முன்பு மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதக்கும். "இனிமே ஒரு சொட்டு உள்ள வரட்டும், அப்புறம் என்னைக் கேளு" என்று சொல்லி, தண்ணீர் தெருப்பக்கம் ஓடுகிற மாதிரி நல்ல வாட்டம் கொடுத்து, கண்ணாடி போல் இழைத்து முடித்தார். துரை நிற்க ஒரு இடம், வீட்டுக்கு ஒரு காவல். எனக்கு அப்போது கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

தினமும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் ஆயில் பார்ப்பேன். ஆயில் பார்க்கிற கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு உருவுவேன். கம்பியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நின்றால் வண்டி சௌக்கியம். நம் துரைக்கு எப்போது பார்த்தாலும் கீழ்க் கோட்டைக்கூடத் தொடாது. "என்ன ராசா, நேத்துதானே ஊத்தினேன்" என்று திட்டிக்கொண்டே நடுவுக்கு வரும்வரை ஊற்றுவேன்.

நான் லோடு அடிப்பது டைல்ஸ் கம்பெனிக்கு. கம்பெனியில் ஏற்றி, கடை கடையாக இறக்க வேண்டும். பாதி வழியில் துரை பின்னால் நீலப் புகையைக் கக்குவார். எஞ்சின் பக்கம் ஆயில் கசியும். முன்னால் சிவப்பு விளக்கு மினுக்கும். நானும் ஓரங்கட்டி நிறுத்துவேன். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டு, "அக்கா, புது வண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அந்தக் கேள்வியில் இருக்கிற குசும்பு எனக்குத் தெரியாதா?

வண்டி வாங்கின இடத்திலேயே சர்வீஸ் சென்டர். அங்கே தலைமை மெக்கானிக் என் தம்பி வயசுப் பையன், கெட்டிக்காரன். முதல் தடவை பார்த்ததும் சொல்லிவிட்டான்.

"அக்கா, ஆயில் ரொம்ப அதிகமா இருக்கு. யாரோ கண்ணுமண்ணு தெரியாம ஊத்தியிருக்காங்க."

"யாரோ இல்ல, நான்தான். கம்பியைப் பார்த்துதான் ஊத்தினேன். எனக்கென்ன, கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவன் அதிகப்படி ஆயிலை இறக்கி, அளவாக வைத்து அனுப்பினான். மறுநாள் காலையில் வாசலில் பார்த்தால் மறுபடியும் கீழ்க் கோட்டுக்குக் கீழே! நான் ஊற்ற, துரை கக்க, திரும்ப சர்வீஸ் சென்டர். இந்தத் தடவை ஏதோ ஆயில் சீல் மாற்றினான், குழாயை மாற்றினான். மறுநாள் காலையில் அதே கதை. எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்க்கிற அளவெல்லாம் கணக்கில் சேராது, காலையில் ஆறின எஞ்சினில் பார்ப்பதுதான் சத்தியம் என்பது என் கட்சி. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கடைசியில் பையன் தலையைச் சொறிந்தான். "உங்க வீட்டுல இருந்தா குறையுது, எங்ககிட்ட வந்தா கூடுது. டீசல் உள்ள கலக்குதோ என்னமோ. எஞ்சினைத் திறந்துதான் பார்க்கணும்கா. எப்ப முடியும்னு சொல்ல முடியாது. இல்ல, திருப்பிக் கொடுத்துடுங்க. வேற வண்டி வர்றப்ப வரட்டும்."

"வர்றப்ப வரட்டும்னா, அதுவரைக்கும் டைல்ஸை நான் தலையில சுமக்கவா?"

சுமக்கத் தேவையில்லை. கம்பெனி மேனேஜர் அதற்கும் வழி வைத்திருந்தார். இன்னொரு தடவை வண்டி நின்றால் லோடு என் மாமாவுக்குப் போய்விடும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மாமா என் அம்மாவின் தம்பி. அவருடைய லாரியைத்தான் நான் இத்தனை காலம் ஓட்டினேன். அவர் வண்டி, அவர் நேரம், அவர் கேட்கிற பாட்டு. வண்டிக்குள் என் இஷ்டத்துக்கு ஒரு கண்ணாடியைத் திருப்பி வைக்கக்கூட முடியாது. அதை விட்டுத்தான் துரையை வாங்கினேன்.

மாமாவுக்கு விஷயம் தெரிந்ததும் போன் வந்தது. "புதுசுன்னா அப்படித்தாம்மா இருக்கும். நீ ஒண்ணும் கவலைப்படாத. உன் சீட்டு காலியாத்தான் இருக்கு, வந்து ஏறிக்கோ."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் வயிறு இன்னும் எரிந்தது.

துரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் வருவதாகப் பையனிடம் சொல்லிவிட்டேன். அங்கிருந்து கம்பெனிக்கு வந்து அவர் வண்டியில் ஏறிக்கொள்வதாக மாமாவிடமும் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினேன். எப்போதும் வண்டியைப் பின்பக்கமாக வாசலுக்குள் விடுவேன். காலையில் அப்படியே கிளம்புவதற்கு வசதியாக அதன் முகம் தெருவைப் பார்த்து இருக்கும். அன்றைக்கு எனக்கு அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நேராக உள்ளே விட்டு, மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நிறுத்தினேன்.

மேஸ்திரி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன, துரை சுவரைப் பார்த்து நிக்கிறாரு? தண்டனையா?"

"ஆமா. நிக்கட்டும்."

என் குரலைக் கேட்டதும் அவர் உள்ளே போனார். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் எழுந்தேன். திருப்பிக் கொடுக்கப் போகிற வண்டிக்கு ஆயில் பார்ப்பானேன் என்று மனசு சொன்னது, கை கேட்கவில்லை. போய்க் கம்பியை உருவினேன். துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, கம்பியின் பாதி வரைக்கும் ஏறி வழிந்தது.

"மேஸ்திரீ!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மேஸ்திரி கையில் காபி டம்ளரோடு ஓடி வந்தார்.

"வண்டிக்கு ஆயில் ஊத்தினீங்களா?"

"நானா? சீட்டுலயே உக்கார விடமாட்டேங்கிற, ஆயில் டப்பாவையா தொட விடுவ?"

"அப்போ இது எப்படி ஏறிச்சு? தானா குட்டி போட்டுச்சா?"

"எனக்கென்னம்மா தெரியும்? துரை கோவிச்சுக்கிட்டுக் குடிச்சதையெல்லாம் துப்பிட்டாரோ என்னமோ."

நான் அடிக்கப் போனேன். அவர் இரண்டு எட்டு பின்னால் போய்ச் சிரித்தார். சிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் துரையின் பக்கவாட்டைப் பார்த்தது. பிறகு பக்கத்துச் சுவரில் செங்கல் போகிற வரிசையைப் பார்த்தது. மறுபடி வண்டியைப் பார்த்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது.

"வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்குதே" என்றார்.

"நின்னா?"

"தினமும் எப்படி நிக்கும்?"

"தெருவைப் பார்த்து."

"அப்போ மூக்கு தாழ்ந்து நிக்கும்." காபியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனவர், சாந்துச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது, இன்னொரு பக்கம் சட்டியின் அடி தெரிந்தது. "தண்ணி ஒண்ணுதான். இந்தப் பக்கம் விரலை விட்டா முழுகும், அந்தப் பக்கம் விட்டா நனையக்கூட நனையாது. உன் கம்பி எந்தப் பக்கம் விரலை விடுது?"

நான் சட்டியைப் பார்த்தேன். கம்பியைப் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியும் இப்படி ஒரு சட்டிதானே! மூக்கு தாழ்ந்தால் ஆயில் முன்னால் ஓடிவிடும், பின்பக்கமாக இறங்குகிற கம்பிக்கு எட்டாது. மூக்கு தூக்கினால் அத்தனையும் கம்பி மேல் வந்து நிற்கும். துரை ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. நான்தான் காலைதோறும் வாயைப் பிளந்து புகட்டியிருக்கிறேன். தாங்காமல் கக்கியிருக்கிறது, பாவம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"என் தரைதான்" என்றார். "நான் போட்ட வாட்டம்தான் உன்னை இந்தப் பாடு படுத்தியிருக்கு. உனக்குன்னு பார்த்துப் பார்த்துப் போட்டேன். இன்னிக்கே உடைச்சுடறேன்."

"சுத்தியலைத் தொட்டீங்க, கை இருக்காது. நான் போயிட்டு வர்றேன். தரை இப்படியே இருக்கணும்."

சர்வீஸ் சென்டருக்கு ஓட்டினேன். பையன் வருத்தமான முகத்தோடு சாவிக்குக் கை நீட்டினான்.

"சாவி கிடையாது தம்பி. சமதளத்துல நிறுத்தி ஆயில் பாரு."

நடந்ததைச் சொன்னேன். அவன் வாயைப் பிளந்து கேட்டான். ஆயிலை அளவுக்கு இறக்கினான். டீசல் கலக்கவில்லை என்று சோதித்தும் பார்த்துவிட்டான். பிறகு மெதுவாக, "ஆயில் அதிகம்னு நான் முதல் நாளே சொன்னேனே அக்கா" என்றான்.

"சொன்ன. நான் கேட்டேனா? சரி, நீயும் ஒரு தடவையாவது வண்டி எங்க நிக்கும்னு கேட்டியா?"

"கேட்கலையே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து நேராக டைல்ஸ் கம்பெனி. வாசலில் மாமாவின் லாரி லோடுக்குத் தயாராக நின்றது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. எனக்காகக் காலியாக வைத்திருந்தார். நான் துரையின் ஹாரனை நீளமாக அடித்தேன்.

"என்னம்மா, திருப்பிக் கொடுக்கலையா?" என்று ஓடி வந்தார் மாமா.

"இல்ல மாமா. துரைக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் ஊட்டின ஊட்டுலதான் அஜீரணம்."

மேனேஜர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கு ஒரு நாள் பார்க்கிறேன்" என்றார். அது போதும் எனக்கு. மாமா லோடு ஏற்றும்வரை கூடவே நின்றார். வாய் ஏதோ முணுமுணுத்தாலும், கயிற்றை இழுத்துக் கட்டினது அவர்தான். பிறகு தன் காலி வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு எல்லாக் கடையிலும் இறக்கினேன். புகை இல்லை, கசிவு இல்லை, சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டவே இல்லை. பாட்டைச் சத்தமாக வைத்து, எனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மேஸ்திரி மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். தரையை உடைக்கவில்லை. தெருப்பக்கம், முன்சக்கரம் நிற்கிற இடத்தில் இரண்டு சின்ன மேடை கட்டியிருந்தார். இரண்டுக்கும் குறுக்கே பலகையைப் போட்டு ரசமட்டம் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்சக்கரம் இது மேல நிக்கும். வண்டி மட்டமா இருக்கும். தண்ணி நடுவுல ஓடிப் போயிடும்" என்றார். "ரெண்டு நாள் காயட்டும். அதுவரைக்கும் துரை தெருவுல தூங்கட்டும்."

மேடை காய்ந்து, துரையை ஏற்றி நிறுத்தின ராத்திரியே அடைமழை. விடிந்து பார்த்தால் வாசல் தண்ணீரெல்லாம் இரண்டு மேடைக்கும் நடுவில் சலசலவென்று தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் செருப்பு போட்ட இடத்திலேயே கிடந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கம்பியை உருவினேன். மேஸ்திரி வேலைக்குக் கிளம்பி, சிமெண்ட் வேட்டியோடு கதவில் நின்றார்.

"எவ்வளவு நிக்குது?"

"நடுவுல. சரியா நடுவுல."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தெருவே பார்க்கும். அதனால் லாரியில் ஏறி, பக்கத்து சீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்துப் பின்னால் எறிந்தேன்.

"ஏறுங்க, வேலைக்குக் கொண்டுபோய் விடறேன்."

"வேட்டியெல்லாம் சிமெண்ட்டும்மா. குளிச்சிட்டு வந்துடறேன்."

"ஏறுங்கன்னா ஏறுங்க."

ஏறினார். கூச்சப்பட்டுக்கொண்டு சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் முறைத்ததும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். சீட்டெல்லாம் சிமெண்ட் ஒட்டியது. ஒட்டட்டும் என்று எஞ்சினைக் கிளப்பினேன்.