கலக்காத எண்ணெய்

"கண்ண மூடுடி."

ஒரு கையில் பஞ்சும் மறு கையில் டீ ட்ரீ எண்ணெய்க் குப்பியுமாக அம்மா நின்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, அதை அப்படியே போடக் கூடாது. ரெண்டு சொட்டு எடுத்து ஒரு ஸ்பூன் வேற எண்ணெயில கலக்கணும். அப்பவும் பரு அமுங்க மாசக்கணக்காகும். பச்சையாப் போட்டா தோல் வெந்துடும்."

"வந்துட்டா டாக்டரம்மா!"

அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் கேலிப் பெயர். மூன்று வருடமாக மருந்துக்கடையில் வேலை. பரு என்று வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் இதே எண்ணெயை எடுத்துக் கொடுத்து, இதே இரண்டு சொட்டுக் கணக்கை நாளுக்கு நாலு தடவை சொல்கிறவள். வந்தவர்கள் எல்லாம் பவ்யமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெற்ற வீட்டில் மட்டும் அவள் பேச்சு செல்லாக்காசு.

பன்னிரண்டு நாளாக அவள் வாசற்படி தாண்டவில்லை. பெண் பார்க்க வருவதாக இருந்த மாப்பிள்ளையின் அம்மா, இவள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "முகம் கொஞ்சம் தெளிஞ்சதும் வந்து பாக்குறோம்" என்று சொன்னாலும் சொன்னாள், வெயில் ஆகாது, தூசி ஆகாது என்று அப்பா அவளை வேலைக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார். ஜன்னலுக்கெல்லாம் திரை. காலையில் எழுந்ததும் அம்மா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பருக்களை எண்ணுவாள். கூடினால் ஒரு திட்டு, குறைந்தால் ஒரு பெருமூச்சு. கைதிக்குக்கூட இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. இவளை விடலாமா கூடாதா என்று முடிவு செய்வது கன்னத்துப் பருக்கள். என்ன நியாயமோ! கடை முதலாளி வேறு, "திங்கக்கிழமை வரைக்கும்தாம்மா உன் இடத்தைக் காலியா வெச்சிருக்க முடியும்" என்று சொல்லிவிட்டார். அந்த வேலையும் போனால் இந்த நாலு சுவர்தான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்து, பையனுக்கு லீவு முடியப் போகிறது, ஞாயிற்றுக்கிழமையே வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். நடுவில் இருந்தது மூன்றே நாள். கலக்காமல் போட்டால் அதற்குள் அமுங்கிவிடும் என்பது அம்மாவின் கணக்கு.

"என்னை நம்பலேன்னா முதலாளியையே கேளுங்க" என்று கெஞ்சினாள்.

அப்பா போன் போட்டார். முதலாளி சிரித்தது வெளியே கேட்டது.

"எனக்கு என்ன சார் தெரியும்? கடை என்னுது, அவ்வளவுதான். அந்த எண்ணெய் விவரமெல்லாம் உங்க பொண்ணுக்குத்தான் அத்துப்படி. நானே அவளைத்தான் கேப்பேன்."

அப்பா போனை வைத்தார்.

"பாத்தியா, அவருக்கே தெரியலை. நீ போடு" என்றார் அம்மாவிடம்.

பஞ்சு கன்னத்தில் பட்டது. கொஞ்ச நேரத்தில் சுரீரென்று எரிந்தது.

"எரியுதும்மா!"

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். உன் நல்லதுக்குத்தானேடி பண்றேன்" என்றபடி அம்மா தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஒருமுறை மகள் ஓடிப்போய்க் கழுவிவிட்டாள். அம்மா மறுபடி போட்டுவிட்டுக் காயும்வரை பக்கத்திலேயே காவல் இருந்தாள். மூன்று நாள், நாளுக்கு இரண்டு வேளை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது அவளுடைய இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று உரிந்து கிடந்தன. மாப்பிள்ளையின் நெற்றி முழுக்கப் பழைய பருத் தழும்பு. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவன் அம்மா மட்டும் இவளை மேலும் கீழும் பார்த்தாள். காபியைப் பாதியில் வைத்தாள். "போய்ப் பேசிட்டு போன் பண்றோம்" என்று எழுந்துவிட்டாள். அந்தப் போன் வரவே வராது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது அந்தம்மாள் இவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீ மருந்துக்கடையிலதானே இருந்தே? என் சின்னப் பொண்ணுக்கும் முகமெல்லாம் பரு. நல்ல எண்ணெயா ஒண்ணு சொல்லேன்."

இவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பின்னால் அப்பா தொண்டையைக் கனைத்தார். வாயை மூடு என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் உத்தரவு.

"சொல்றேங்க. அளவு காட்டித்தான் சொல்லணும். அவளைக் கூட்டிக்கிட்டு கடைக்கு வாங்க. நாளைக்குக் காலையில ஒம்போது மணியிலேர்ந்து நான் அங்கதான் இருப்பேன்."

அப்பா மறுபடி கனைத்தார், இன்னும் பலமாக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுவரைக்கும் அவளை வீட்டுக்குள்ள பூட்டி மட்டும் வெச்சிராதீங்க."