கம்ப்யூட்டர் கழகத்தின் நாற்காலிகள்

1986 சாரல் சீசனில் தென்காசி கம்ப்யூட்டர் கழகத்தின் மடக்கு நாற்காலி ஒன்று மாடிப்படி இறங்கி, குற்றாலத்துக்கு நடந்தே போய், மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நின்று குளித்தது. மெஹர் பானுவின் நாற்காலி என்பதால் போலீஸ்காரர் ஆட்சேபிக்கவில்லை.

கழகம் என்பது சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, ஒரு டிவி, அதில் மாட்டிய குட்டிக் கம்ப்யூட்டர். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் மெஹர் பானுவின் அண்ணன் கிதிர் முகம்மது துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. திரையில் தமிழ் எழுத்து வர வேண்டும், அதைக் கேசட்டில் பதிந்து கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுக்க வேண்டும் என்று ஒன்பது பேர் எழுத்துகளைப் பங்கு போட்டுக்கொண்டு, சம்பளமில்லாமல் உழைத்தார்கள். அவர்களில் கெட்டிக்காரர் சிவனணைந்தபெருமாள். மற்றவர்கள் 'அ'வோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுகையில் அவர் காப்பி ஆறுவதற்குள் ககர வரிசையை முடித்துவிடுவார். முடித்த கையோடு, "பள்ளிவாசல் தெருக்காரங்களப் பூரா புளியறை செக்போஸ்ட்டுக்கு அங்கிட்டு, கேரளாவுக்குத் தள்ளிரணும்வே" என்பார். சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு நாற்காலி எழுந்து போயிற்று. நாற்காலி போனவர் இரண்டொரு நாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

செயலாளர் சங்கரசுப்பிரமணியன் நியாயஸ்தர். "வேல வேற, வாய் வேற. அவன் போனா எழுத்தும்லா போயிரும்" என்று சொல்லி, மிச்ச நாற்காலிகளைக் கயிற்றால் ஜன்னலில் கட்டவைத்தார். மறுநாள் ஒரு நாற்காலியோடு ஜன்னலும் குற்றாலம் போய்விட்டது. இப்போது காற்று நன்றாக வருகிறது என்று செயலாளர் திருப்தி தெரிவித்தார்.

மெஹர் பானு மட்டும் நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டே மெய்யெழுத்துகளை எழுதிவந்தார். ஆடியில் ஒரு சாயங்காலம் அவரும் செருப்பை மாட்டினார்.

"மெஷின் இருக்கட்டும் அண்ணாச்சி, ஊருக்குன்னு கொடுத்தது. நான் வரல. நாற்காலிய இம்புட்டு இறுக்கிக் கட்டுதீய, அவரு வாய்க்கு ஒரு முழக் கயிறு கெடைக்கலயாக்கும்?"

செயலாளர் அறையைப் பார்த்தார். மூன்று பேர்தான் மிச்சம்.

"ஏலே சிவனணைஞ்சா, அந்தப் பேச்சு இனிமே இங்கன ஆகாது. விடு, இல்லன்னா கெளம்பு."

"நான் போனா ககரத்துக்கு எங்க போவீரு?"

"ககரம் இல்லாம இருந்துக்கிடுதோம்லே."

அவ்வளவுதான். சிவனணைந்தபெருமாள் உட்கார்ந்திருந்த நாற்காலி அவரோடு எழுந்தது. வளைவில் அவர் முழங்கை சுவரில் உரசாமல் பதனமாகப் படியிறங்கி, பேருந்து நிலையம் போய், ஆலங்குளம் வண்டியில் ஏறியது. நடத்துநர் நாற்காலிக்குத் தனியாக லக்கேஜ் போட்டார்.

மெஹர் பானு செருப்பைக் கழற்றிவிட்டுக் ககர வரிசையை முதலிலிருந்து எழுதினார். முடிப்பதற்குள் 1988 ஆகிவிட்டது. அவருடைய 'கூ' சற்றே கூன் போட்டிருக்கும். இலத்தூர்வரை எல்லோரும் அதைத்தான் உபயோகிக்கிறார்கள். குற்றாலம் போன நாற்காலிகளுக்கு அருவித் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டதால் யாரும் கூப்பிடவில்லை. கழகத்தார் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். வராமல் நின்றுபோனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வர, இன்னொன்றும் விரிக்க வேண்டியதாயிற்று.