சாக்கெட்டில் வைத்த டிரான்சிஸ்டர்

கிதார் சத்தத்தை மாற்றுகிற என் பெடலுக்குள் டிரான்சிஸ்டரை நேராக ஈயம் உருக்கி சால்டர் வைத்துவிடத்தான் நினைத்தேன். கதிர்தான் விடவில்லை.

"சாக்கெட் போட்டுரு மஞ்சு. சத்தம் புடிக்கலீன்னா கழட்டிட்டு வேற சொருகிக்கலாம். சால்டர் வெச்சுட்டா அவ்வளவுதான்."

கல்லூரியிலிருந்து கூடவே கிதார் வாசிப்பவன். அவன் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. என் புத்தியை என்ன சொல்ல.

சேலத்துப் பழைய சாமான் கடைகளில் உடைந்த ரேடியோக்களாகப் பொறுக்கி, உள்ளே இருந்த டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று வாய்த்தது. கம்பியைத் தொட்டால் தொண்டை கட்டிய பெண் பாடுவதுபோல இருக்கும். அடையாளத்துக்கு அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன்.

ராசிபுரத்து வெள்ளியங்கிரியின் ஆர்கெஸ்ட்ராவில் கிதாருக்கு ஒரே இடம் காலியாக இருந்தது. கோயில் நோம்பி சீசன் முழுக்க மேடை. கிடைக்காவிட்டால் நான் நூல் மில் ஆபீசுக்கே திரும்ப வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். கதிரும் அதே இடத்தைக் கேட்டிருந்தான். அதனால் என்ன, யாருக்குக் கிடைத்தாலும் சரி என்று பேசிக்கொண்டோம். என் பெடலுக்கு பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனான். அழகாகவே அடித்துக் கொடுத்தான். எனக்கு அன்று கண்ணே கலங்கிவிட்டது.

வெள்ளியங்கிரியின் ஷெட்டில் முதலில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். தகர டப்பாவில் மணலைக் குலுக்கியது மாதிரி வந்தது. பஸ் குலுக்கலில் டிரான்சிஸ்டரின் கால் சாக்கெட்டிலிருந்து நழுவியிருக்கும் என்று நினைத்தேன்.

"பரவால்லீங்க, உக்காருங்க," என்றார் வெள்ளியங்கிரி. அந்த மரியாதையிலேயே கதை முடிந்தது தெரிந்தது.

அடுத்து கதிர் தன் பெடலை வைத்து வாசித்தான். என் சத்தம். நான் பொறுக்கிச் சேர்த்த அதே சத்தம். மூலையில் உட்கார்ந்து என் பெடலைத் திறந்தேன். செருகியிருந்ததன் தலையில் சிவப்பு இல்லை. அங்கே வெள்ளியங்கிரி அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவன் பெடலைப் பிடுங்கி ஸ்க்ரூவைக் கழற்றினேன். அவன் தடுக்கவில்லை.

"உனக்கு இன்னொன்னு தேடிக்கத் தெரியும் மஞ்சு. எனக்கு வராது."

என் டிரான்சிஸ்டர் உள்ளே இருந்தது. இழுத்தேன். அசையவில்லை. மூன்று கால்களிலும் கட்டி கட்டியாக ஈயம்.

"எனக்கு சாக்கெட் சொன்னியே. நீ ஏன் போடல?"

"யாராச்சும் கழட்டிக்கிட்டா?" என்றான். கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்தப் பயம் அவனுக்கு இருந்தது.